அரிக்கிற கையால் விற்ற சவுக்காரம்

பாமசிக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு முகம் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம், கை சரியில்லை என்றால் பிழைப்பு கஷ்டம். வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குத் தலைவலி, பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாம் நீட்டுகிற மாத்திரையைப் பார்ப்பார்கள், அதோடு அதைப் பிடித்திருக்கிற விரலையும் பார்ப்பார்கள்.

என் பெயர் லோகேஸ்வரி, கடையில் லோகா. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, தினமும் பஸ் ஏறிப் பதுளை டவுனுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு பாமசியில் நிற்கிறேன். எனக்கு இரண்டு கையிலும் கரப்பான். டாக்டர் எக்ஸிமா என்பார், தோட்டத்தில் சொறி என்பார்கள், என் மாமியார் 'அது' என்பார். விரல் இடுக்கு, புறங்கை, மணிக்கட்டு என்று அதற்குப் பிடித்த இடங்கள் உண்டு. ஆடி ஆவணியில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் தேயிலைச் செடியே வாடி நிற்கும், என் தோல் எந்த மூலைக்கு. வெடிக்கும், நீர் கசியும், காயும், பிறகு அரிக்கும்.

அரிப்பு உள்ளவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அரிப்பு இல்லாதவர்கள் "சொறியாம இருந்தா தன்னால சரியாப் போயிரும்" என்று புத்தி சொல்கிற கூட்டம். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கண்ணாடி மேல வைங்க

ஒரு நாள் காலை, சாரியும் குடையுமாக ஓர் அம்மா வந்து பிரஷர் மாத்திரை கேட்டார். எடுத்து, கவரில் போட்டு, எந்த நேரம் குடிக்க வேண்டும் என்று எழுதி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டே கவுண்டரைக் காட்டி, "கண்ணாடி மேல வைங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார். வைத்தேன். கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து, அதால் கவரைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு இன்னும் அரிக்கும். அங்கேயே நின்று கவுண்டருக்குக் கீழே கையை வைத்துச் சொறிந்தேன்.

இதையெல்லாம் மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் என்றால் கடையின் சொந்தக்காரி, பாமசிஸ்டும் அவரேதான். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் பதுளைக்கு அரசாங்க வேலையாக மாற்றலாகி வந்தவர், அப்படியே இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கெட்டவர் இல்லை, சத்தம் போட்டு ஏசவும் மாட்டார். ஆனால் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

அன்று பின்னேரமே ஒரு கம்பெனி ஆள் குளிக்கிற புதுச் சவுக்காரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மெல்லிய தோலுக்காம், கரப்பான் உள்ளவர்களுக்காம், வாசமில்லையாம், சாயமில்லையாம். அந்த ஆள் போனதும் மிஸ் ஒரு கட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இதை முதல்ல நீரே பாவிச்சுப் பாரும் லோகா. தீபாவளிச் சனம் இறங்க முதல் கைப் புண் மாறோணும். மாறாட்டா பின்னுக்கு ஸ்டோருக்குப் போம். அங்க இருக்கிற பெட்டியள் உம்மைப் பாத்துப் பயப்படாது."

கையாட்டின வைத்தியம்

ஸ்டோர் என்றால் என்ன, சும்மா உட்கார்ந்து பெட்டி உடைக்கிற வேலைதானே, நல்லதுதானே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. மிஸ் டாக்டர் துண்டும் கணக்குமாக உள் மேசையில் இருப்பார், கவுண்டரில் என்னோடு நிற்கிறது நிமல். தங்கமான பிள்ளை, சிங்களத்தில் விளாசுவான், இங்கிலீஷ் மருந்துப் பெயரெல்லாம் தண்ணி பட்ட பாடு. தமிழில் அவனுக்குத் தெரிந்தது காய்ச்சல், சளி, வயித்து வலி, நாளைக்கு வாங்க. மிச்சத்தைக் கையாலே சொல்வான். எங்கள் தோட்டத்து ஆட்களோ, விளங்கியதா என்று கேட்டால் விளங்காவிட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

ஒரு தரம் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் ஓர் ஆள் வந்து வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டிய மாத்திரை. நிமல் மாத்திரையைக் காட்டி, வாயைக் காட்டி, சாப்பிடுகிற மாதிரி காட்டி, "இது முதல்ல, அது இப்ப வேணாம்" என்கிற அர்த்தத்தில் கையை ஆட்டியிருக்கிறான். அந்த மனுஷன் மறுநாள் திரும்பி வந்து என்னிடம் நின்றார். முகமெல்லாம் வாடியிருந்தது. வயிற்றெரிச்சல் கூடியிருக்கிறதே, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டேன்.

"சாப்புடக் கூடாதுன்னு அந்தத் தம்பி கையாட்டிச்சுங்க. நானும் வைத்தியமாச்சேன்னு நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி மட்டுந்தாங்க."

தனிச் சவுக்காரம்

சரி, சவுக்காரத்துக்கு வருவோம். எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், குளிக்கிற இடம் பீலி. மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர், உறைபனியாக இருக்கும். முதல் நாள் அந்தச் சவுக்காரத்தைத் தேய்த்தால் நுரையே வரவில்லை. வாசமும் இல்லை. கையில் ஒரு வழுவழுப்பு மட்டும். ஆனால் கழுவின பிறகு ஒன்று கவனித்தேன், தோல் இழுக்கவில்லை. வழக்கமாகக் குளித்து வந்தால் புறங்கை பப்படம் மாதிரி விறைத்து, மிளகாய்த்தூள் பூசின மாதிரி எரியும். அன்றைக்கு எரியவில்லை. எரியவில்லை என்றதும் எனக்கே ஆச்சரியம், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் திரீவீலுக்குப் பெற்றோல் போட்டுவிட்டு வந்தவர், "குளிக்கப் போறேன்னியே, போகலியா?" என்றார். வாசம் வராவிட்டால் குளித்த கணக்கில்லை.

பிழை நான் செய்ததுதான். அந்தக் கட்டியைப் பொதுச் சவுக்காரப் பெட்டியில் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சவுக்காரம், எங்கள் வீடு என்ன, லயத்தில் எந்தக் காம்பராவிலும் அப்படித்தான். பின்னேரம் பார்த்தால் கொழுந்தனார் அதில் குளித்திருக்கிறார், என் வீட்டுக்காரர் அதில் கிறீஸ் கையைக் கழுவியிருக்கிறார். கட்டி கறுத்துக் கரைந்து கிடந்தது. அடுத்த கட்டியை மூடி போட்ட பெட்டியில் வைத்து, காம்பராவுக்குள் என் துணிகளோடு வைத்தேன். குளிக்கப் போகும்போது எடுத்துப் போய், குளித்ததும் கொண்டுவந்து வைப்பேன். மூன்று நாள் மாமியார் அந்தப் பெட்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாலாம் நாள் நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகும்போது மாமியார் பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தனிக் குடித்தனம் போறவங்க, மொதல்ல சவுக்காரத்தத்தான் பிரிப்பாங்க."

நீங்களும் இதுதானா

கடையில் அந்தச் சவுக்காரத்தை என் தலையில்தான் கட்டினார் மிஸ். தோல் வருத்தம் என்று யார் வந்தாலும் லோகாவிடம் போங்கள் என்பார். எனக்கு உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். இது மருந்தில்லை, கரப்பானை மாற்றாது, கரப்பானைக் கிளறிவிடாமல் இருக்கும், டாக்டர் கொடுத்த கிரீமை விடாமல் பூசணும், குளித்து வந்ததும் ஈரம் காயும் முன்னே பூசணும் என்று சொல்வேன். இப்படி உண்மையைச் சொல்லிச் சவுக்காரம் விற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. வாசம் உண்டா, இல்லை. வெள்ளையாக்குமா, இல்லை. ஒரு கிழமையில் மாறுமா, சொல்ல முடியாது. பிறகு எதற்கு இது என்பது போல என்னைப் பார்ப்பார்கள்.

தோட்டக் கந்தோரில் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி வந்தார். கழுத்தில் படை படையாகச் சிவந்திருந்தது, சட்டைக் கொலர் பட்டு எரிகிறதாம். பொறுமையாகக் கேட்டார், நானும் பொறுமையாகச் சொன்னேன். கடைசியில், "நீங்க இத பாவிச்சிருக்கீங்களா அக்கா?" என்றார். எனக்குச் சந்தோஷம், இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள். "நானும் இதுதான் தம்பி, காலையும் மாலையும்" என்று சொல்லிக் கட்டியை எடுத்து நீட்டினேன். அவருடைய பார்வை கட்டியிலிருந்து என் விரலுக்குப் போயிற்று, விரலிலிருந்து மணிக்கட்டுக்குப் போயிற்று. மரியாதையான பிள்ளை, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"நீங்களும் இதத்தான் போடுறீங்கன்னா, எனக்கு வேற ஏதாச்சும் குடுங்கக்கா."

எல்லக்காரர்

எல்லையில்லாமல் என்னிடம் வாங்கினது ஓர் எல்லக்காரர்தான். எல்ல டவுனில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். அவருக்குக் கரப்பானும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அறைகளில் வைக்க என்று ஒரு பெட்டியே வாங்கினார். இதில் வாசம் இல்லையே ஐயா, பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்றேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, நம்ம ஆளுங்க வாசத்துக்குக் காசு குடுப்பாங்க. அவங்க வாசம் இல்லாததுக்குக் குடுப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க பொழப்பு."

கறை

புஷ்பம் தெமோதரைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். என்னைவிட இளையவள், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளை அவளுக்கு. முதல் தடவை கிளினிக்கில் கொடுத்த மருந்துத் துண்டோடு வந்தாள். இரண்டு கையிலும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வெடித்துக் கிடந்தன. கொழுந்து கிள்ளுகிற விரல்கள் அவைதானே. "பச்ச எலத் தண்ணி வெடிப்புல எறங்குதுக்கா, உசுரு போகுது" என்றாள். கிரீமைக் கொடுத்தேன், சவுக்காரத்தையும் கொடுத்தேன். எல்லாருக்கும் சொல்கிறதைவிட இவளுக்குக் கூடுதலாகவே சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஆமாங்கக்கா" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து வந்தாள், கை முன்னைவிட மோசம். மிச்சச் சவுக்காரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தாள். "இது வேலைக்கு ஆகலக்கா." கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள், மிஸ் அந்தப் பக்கம் இருந்தார்.  என் கையும் மாறவில்லை, நான் விற்றவளின் கையும் மாறவில்லை என்றால் ஸ்டோருக்குப் போக வேறு காரணம் எதற்கு. அவளைப் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போய், "எப்படிக் கழுவுறேன்னு காட்டு" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். "உடுப்புச் சவுக்காரம் எங்கக்கா?" என்றாள். எதுக்கு என்றேன். "மொதல்ல அது போட்டுத் தேங்காப் பொச்சால தேய்ப்பேன். கொழுந்துக் கறை போகணும்ல. அப்புறந்தான் ஒங்க மருந்துச் சவுக்காரம்." சரி, அந்தச் சவுக்காரத்தை எப்படிப் போடுகிறாய் என்றேன். ஈரக் கையில் வெள்ளையாகப் படியும்வரை தேய்த்தாள், தேய்த்துவிட்டுக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக் காய விட்டாள். கழுவவில்லையா என்று கேட்டேன். "மருந்த யாராச்சும் கழுவுவாங்களாக்கா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது, பாமசியில் விற்கிற சவுக்காரத்தைப் பூசிக்கொள்கிற மருந்து என்று நினைத்திருக்கிறாள், சவுக்காரம் என்றால் கழுவிவிட வேண்டும் என்று நானும் சொல்லித் தொலைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கறை இருந்தால் இருக்கட்டுமே, எல்லாக் கொழுந்துக்காரிக்கும் உள்ளதுதானே, அதுக்காகப் புண்ணுல பொச்சு போட்டுத் தேய்ப்பாங்களா என்று கேட்டேன். ஸ்கூல் மீட்டிங்கில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவைப் பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எழுத்தைப் பார்க்க மாட்டார்களாம், விரலைப் பார்ப்பார்களாம். மகள் தலையைக் குனிந்துகொள்கிறாளாம்.  விரலைப் பார்க்கிறவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கையைப் பிடித்து, நானே அந்தச் சவுக்காரத்தைப் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கிரீமும் பூசிவிட்டேன். இனிமேல் இப்படித்தான், உடுப்புச் சவுக்காரத்தைக் கையில் தொடவே கூடாது, ஆனால் கறை போகாது, சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கிரீம் பூசின விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"கறை இருந்தா கொழுந்துக்காரின்னு தெரியும், புண்ணு இருந்தா சொறிக்காரின்னு தெரியும். ரெண்டுல ஒன்னுதான்னா, கறையே இருந்துட்டுப் போகட்டுங்கக்கா."

போத்தல்

புஷ்பத்துக்கு வாய் கிழியச் சொன்னவளுக்குத் தன் கை ஏன் மாறவில்லை என்று தெரியவில்லை. வீட்டில் அந்தச் சவுக்காரம்தான், கிரீமும் பூசுகிறேன். இரவில் தூங்கி எழும்பினால் கை பரவாயில்லை, மத்தியானத்துக்குள் பழைய குருடி கதவைத் திறடி. மிஸ் காலையில் வந்ததும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார். தீபாவளிக்குத் துணிக் கடைக்காரர்கள் வெளியில் தட்டுப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

கவுண்டரில் கைக்குப் போடுகிற ஸ்பிரிட் போத்தல் ஒன்று உண்டு, கொரோனாக் காலத்தில் வைத்தது. வருகிறவர்கள் யாரும் இப்போது அதைத் தொடுவதில்லை. ஒரு நாள் நிமல் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான். பிறகு ஸ்டோருக்குப் போய்ப் புதுப் போத்தல் எடுத்து வந்தான். போன கிழமைதான் மாற்றினானாம். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டான்.

"அக்கே, இது நான் போடுறது இல்ல, மிஸ் போடுறது இல்ல. அப்ப யாரு குடிக்கிறது?"

கிளவுஸ்

நான்தான். டிஷ்யூ அம்மா வந்துபோன நாளிலிருந்து, ஆட்கள் வந்து நின்றால் அவர்கள் பார்க்கிற மாதிரி அந்தப் போத்தலை ஓர் அமுக்கு அமுக்கிக் கையைத் தேய்த்துக்கொள்வேன். பார், சுத்தமான கை என்று காட்ட. ஆள் போனதும் இன்னொரு அமுக்கு. வெடித்த தோலில் ஸ்பிரிட் எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எரிந்தால் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் பூப்போலக் கழுவி, கடையில் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். புஷ்பத்தின் பொச்சுக்கும் என் போத்தலுக்கும் என்ன வித்தியாசம். அவளைவிட நான்தான் கூடின முட்டாள், எனக்குப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கிறதை வாசிக்கத் தெரியும்.

மிஸ்ஸிடம் போய் ஸ்பிரிட் இனிமேல் போடமாட்டேன், பின்னால் குழாயில் இந்தச் சவுக்காரத்தால் கழுவிக்கொள்கிறேன் என்றேன். சரி, ஆனால் சனத்துக்கு முன்னால் கிளவுஸ் போட்டு நில்லும் என்றார். போட்டேன். முதலில் வந்தது ஹாலிஎல பஸ்ஸில் இறங்கின ஓர் ஆள், மகளுக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர். என் கையைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார். சட்டைப் பையைத் தடவித் தடவி மடிந்து நசுங்கிப் போயிருந்த ஒரு மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார். அவர் கேட்ட கேள்வியோடு மிஸ் கிளவுஸைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"கொரோனா மறுபடியும் வந்திருச்சுங்களா? சொன்னீங்கன்னா அரிசி பருப்பு வாங்கிட்டே போயிருவேன்."

தேடி வந்தவள்

ஸ்பிரிட்டை விட்ட பிறகு கை மாறத் தொடங்கியது. வெடிப்பு மூடியது, பொருக்கு உதிர்ந்தது, இரவில் அரித்து எழும்புவது நின்றது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன், எரியவில்லை. அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. மாமியார்கூட ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, "அது கொறஞ்சிருக்கு" என்றார். ஆனால் புண் இருந்த இடமெல்லாம் கறுத்து நின்றது. தீபாவளிச் சனம் இறங்குகிற அன்று காலையில் மிஸ் என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறைஞ்சுதான் இருக்கு. எண்டாலும் வெளிச்சத்தில தெரியுது லோகா. தீபாவளி முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். பிறகு பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஸ்டோருக்குப் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். முன்னால் நிமலின் குரல் கேட்டது, "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க." நாளைக்கு யார் வருவார்கள், அவர்கள் டவுனுக்கு வந்ததே அன்றைக்குத்தான்.

பத்து மணி போல மிஸ் வந்து கூப்பிட்டார். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறாள், நிமலிடம் ஒன்றும் வாங்க மாட்டேன் என்கிறாளாம். போய்ப் பார்த்தேன். பிள்ளைக்குக் கன்னத்திலும் கால் மடிப்பிலும் கரப்பான், சொறிந்து சொறிந்து இரத்தம் கட்டியிருந்தது. தாயின் கண் தூங்காத கண். தெமோதரைப் பக்கத்திலிருந்து வருகிறாளாம், புஷ்பம்தான் அனுப்பினாளாம். டவுனில் எத்தனை மருந்துக் கடை இருந்தாலும் கையில் கரப்பான் உள்ள அக்கா நிற்கிற கடைக்குப் போ, அரிக்கிறவளுக்குத்தான் அரிப்புத் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது நான்தாம்மா, வாங்க என்று கையை நீட்டினேன். அவள் என் விரலைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள். பிறகு மிஸ் பக்கம் திரும்பி, "இவங்க இல்லீங்க, இவங்க கை நல்லாத்தானே இருக்கு" என்றாள். மிஸ் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

பிள்ளை சிணுங்கத் தொடங்கியது, தாய் வாசல் பக்கம் பார்க்கிறாள். புஷ்பத்தின் பெயரைச் சொன்னேன், பின்னால் குழாயில் கழுவிக் காட்டினதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை, கடைக்காரர்கள் எதையும் சொல்வார்கள் என்கிற பார்வை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்து முழங்கை மடிப்பைக் காட்டினேன். அந்த இடம் எனக்கு எப்போதும் கடைசியாகத்தான் ஆறும், அன்றைக்கும் சிவந்து தடித்து நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். "ஆமாங்க, இவங்கதான்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இறக்கிக் கண்ணாடி மேல் உட்கார வைத்து, எப்படிக் கழுவுறது, எப்படித் துடைக்கிறது, முதல்லேருந்து சொல்லுங்கக்கா என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் என் கையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கழுவிவிட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். மிஸ் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்டார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"சரி லோகா, நீர் இங்கயே நில்லும். பெட்டியளை நான் போய்ப் பாக்கிறன்."

ஆகவே அரிப்பு உள்ளவர்களே, நல்ல சவுக்காரம் போடுங்கள், நன்றாகக் கழுவுங்கள், கிரீமையும் விடாதீர்கள், ஆனால் பதுளையில் பாமசிக் கவுண்டரில் நிற்கிறதாக இருந்தால் ஆட்கள் நம்புகிற அளவுக்கு எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.